திமிங்கலம் பாக்கப் போகோணும், மே மாசம் எந்த ஊருக்குப் போறது, எந்த போட்டுல ஏர்றது?

வாய்க்கால்மேட்டு வீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க இலங்கைப் பக்கம் டூர் போயிட்டு வந்தவங்க நெறையப் பேரு இருக்கறதால கேக்கறேன், கொஞ்சம் வெவரமா சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும்.

எங்கூரு கோபி பக்கமுங்க. எங்கப்பாவுக்கு வர்ற ஆவணியோட 70 முடியுது. நெல்லு, வாழை, மாடுன்னு தடப்பள்ளி வாய்க்காலை விட்டு அக்கட்டால போகாத மனுசன். கடலையே நாலஞ்சு தடவைதான் பாத்திருப்பாரு, அதுவும் திருச்செந்தூரு, ராமேஸ்வரம்னு கோயிலுக்குப் போனப்ப. ஆனா பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போயி எழும்பூர் மியூசியத்துல திமிங்கலத்தோட எலும்புக்கூட்டைக் காட்டியிருக்காங்க, அதை இன்னிக்கு வரைக்கும் சொல்லுவாரு, ஒவ்வொரு எலும்பும் வூட்டு உத்தரமாட்ட இருந்துச்சு கண்ணுன்னு. போன மாசம் எம்பொண்ணு அவ பாடத்துல வந்த நீலத்திமிங்கலத்தை அப்புச்சிகிட்டப் படிச்சுக் காட்டிட்டு இருந்தா, கேட்டுட்டே இருந்தவரு உசுரோட ஒண்ணைப் பாத்தாப் போதும் சாமின்னாரு. எங்கப்பா வாயத் தொறந்து எனக்கு இது வேணும்னு கேட்டது எனக்குத் தெரிஞ்சு இதுதான் மொதோ தடவை. அதனால எப்படியாவது கூட்டிட்டுப் போயிரோணும்னு இருக்கேன்.

லீவு மே மாசந்தான். ஒரு டிராவல்ஸ்ல கேட்டதுக்கு மே ரெண்டாவது வாரம் இலங்கை பேக்கேஜ், மிரிஸ்ஸான்னு தெக்கால ஒரு ஊரு, அங்க 12 மாசமும் திமிங்கலம் உண்டு, 100% கேரண்டின்னு சொல்றாங்க. ரெண்டு வகை வெச்சிருக்காங்க. ஒண்ணு மாடி வெச்ச பெரிய போட்டு, காலைச் சாப்பாடு அதுலயே. இன்னொண்ணு சின்ன போட்டு, எச்சாக் காசு, நெம்பக் கிட்டத்துல கொண்டு போவோம், வேணும்னா தண்ணிக்குள்ளயே எறங்கிப் பாக்கலாம்னு சொல்றாங்க. எம்பொண்ணு ரெண்டாவதுதான் வேணும்னு குதிக்கறா.

எது எடுக்கறதுங்க? அப்பாவுக்கு சுகரு உண்டு, பஸ்ஸுல போனாலே தலை சுத்தல் வரும். நம்ம தமிழ்நாட்டுலயே எங்கயாச்சும் பாக்க முடியும்னாலும் சொல்லுங்க, அலைச்சல் மிச்சம்.

---

காத்தாடிக்காடு எழுதியது:

அம்மணி, பணம் கட்டிட்டீங்களா? கட்டலைன்னா மொதல்ல அதை நிறுத்துங்க.

நாங்க ஒருக்கா ஆடி 18 லீவோட சேத்து நாலு நாளு இதே மிரிஸ்ஸாவுக்குப் போனமுங்க, எங்கண்ணன் குடும்பம், எங்க குடும்பம்னு எட்டுப் பேரு. எங்களுக்கும் இதே பேச்சுத்தான், 12 மாசமும் உண்டு, கேரண்டி. வெடியால போட்டு ஏறுனோம், கரையைத் தாண்டி அரை மணி நேரத்துல அலை தூக்கிப் போட ஆரம்பிச்சுது பாருங்க, போட்டுல முக்காவாசிப் பேரு ஓங்கரிச்சு ஓங்கரிச்சு வாந்தி, எங்கண்ணி கம்பியைப் புடிச்சுட்டு முருகா முருகான்னு அழுவறாங்க, ரெண்டு மணி நேரத்துல திருப்பிட்டான். திமிங்கலமும் இல்ல ஒண்ணுமில்ல. காசு திருப்பிக் கேட்டா நாளைக்கு வாங்க இன்னொருக்கா இலவசமாக் கூட்டிட்டுப் போறோம்னாங்க, நாளைக்கு எங்களுக்கு ஃப்ளைட்டு. இந்த கேரண்டிங்கறதுக்கு அர்த்தமே அதுதான், திமிங்கலத்தைப் பாக்கலைன்னா மறுபடி ஒரு ட்ரிப்பு, பணம் கைக்கு வராது. போட்டு ஏறுறதுக்கு முன்னால இதைக் கேட்டுக்கோணும், நான் கேக்காம விட்டுட்டேன்.

வந்தப்பறம் கோவத்துல ஏன் இப்படின்னு தேடிப் படிச்சேன். படிச்சதும் எனக்கே மனசு ஆறலீங்க, ஏன்னா இது நம்மூரு ஆளுக்குத் தெரிஞ்ச சங்கதி. எங்க காடு உடுமலை பக்கம், காட்டுக்குப் பின்னாலயே கரண்டு எடுக்கற காத்தாடி நிக்குது. வைகாசி பொறந்து பாலக்காட்டுக் கணவாய்ல காத்து வர ஆரம்பிச்சா ஆடி முடியறவரைக்கும் காத்தாடி நிக்காது, தென்னை மட்டை பிச்சுட்டுப் போகும். அதே தென்மேற்குக் காத்துதான் அங்க இலங்கைக்குத் தெக்கயும் மேக்கயும் கடலைக் கலக்கி விடுது. மிரிஸ்ஸா இருக்கறது தெக்குக் கரை, காத்துக்கு நேரா மூஞ்சியைக் காட்டிட்டு நிக்குது. அங்க நல்ல நாளு கார்த்திகைல இருந்து பங்குனி வரைக்கும், ஏப்ரல்ல பாதியோட ஆட்டம் முடிஞ்சுரும். மே ரெண்டாவது வாரம்னா காத்து எந்திரிக்கற நேரம். ஆனாப் போட்டு ஓட்டறவங்க சும்மா இருக்க முடியாதுல்ல, டிக்கெட் வாங்க ஆளு இருந்தா ஓட்டத்தான் செய்வாங்க.

மே மாசத்துல போகோணும்னா கெழக்குக் கரைக்குப் போங்க, திருகோணமலை. காத்து மலையைத் தாண்டி வந்து சேர்றதுனால அந்தப் பக்கம் கடலு அமைதியா இருக்கும். எப்படி மேற்குத் தொடர்ச்சி மலை மழையைப் புடிச்சுக்கிட்டு நம்மளைக் காய விடுதோ அதே கணக்குதான் அங்கயும். திருகோணமலையில மே மாசத்துல இருந்து புரட்டாசி வரைக்கும் சீசன். அங்க போன ஆளுங்க இங்க இருந்தா அவங்க சொல்லட்டும், நான் போனதில்ல.

---

சூலூர் பைக்கர் எழுதியது:

தமிழ்நாட்டுல திமிங்கலம் காட்டறதுக்குன்னு போட்டு எதுவும் ஓடறதில்லீங்க அக்கா. கோவா போனா டால்ஃபின் காட்டுவாங்க, அது திமிங்கலம் ஆகாது.

திமிங்கலம் நம்ம கடல்ல இல்லாம இல்ல. 2016 ஜனவரியில திருச்செந்தூருக்குத் தெக்க மணப்பாடு பக்கம் 80க்கு மேல ஒரே நேரத்துல கரை ஒதுங்குச்சு ஞாபகம் இருக்கா? நான் அப்ப தூத்துக்குடில வேலைல இருந்தேன், பைக்கை எடுத்துட்டுப் போயிப் பாத்தேன். மீனவங்க கயிறு கட்டி இழுத்துட்டுப் போயி ஆழத்துல விட்டுட்டு வந்தா அதுங்க திரும்பவும் கரைக்கே வந்துச்சு. பைலட் திமிங்கலம்னு சொன்னாங்க, கூட்டத்தை விட்டுப் பிரியாத சாதியாம், ஒண்ணு ஒதுங்குனா மத்ததும் வந்துரும். 1973லயும் அதே கரையில 147 ஒதுங்குச்சுன்னு அங்க பெரியவங்க சொன்னாங்க, பழைய ரெக்கார்டுலயும் இருக்கு. அன்னிக்குப் பாத்தது இன்னும் மனசை விட்டுப் போகல. உங்கப்பா நடுக்கடல்ல உசுரோட பாக்கட்டும், அது வேற.

---

கோணேசர் ஊர் எழுதியது:

தங்கச்சி, நான் திருகோணமலைப் பிள்ளை, இப்ப முப்பது வருசமாக் கோயம்புத்தூரிலதான் இருக்கிறன், வருசத்துக்கு ஒருக்கா ஊருக்குப் போய் வருவன். காத்தாடிக்காட்டுத் தம்பி சொன்னது சரி. உந்தத் தென்மேற்குக் காத்தை எங்கட ஊரில கச்சான் காத்து எண்டு சொல்லுவம். மலை தாண்டி வரேக்க மழையெல்லாம் அங்கால போயிடும், எங்களுக்குக் காய்ஞ்ச சூட்டுக் காத்துதான் வரும். ஆனா ஒண்டு, வெயில் ஏற ஏறக் காத்தும் ஏறும். அதால விடிய வெள்ளன போய்ப் பத்து மணிக்கு முதல் கரைக்கு வந்திடவேணும். பத்து மணிக்கு வெளிக்கிடுவம் எண்டு யாரும் சொன்னால் அந்த வள்ளத்தில ஏற வேண்டாம்.

எங்கட பக்கம் ஏன் திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வருது எண்டால், துறைமுகத்துக்கு வெளியில கடலுக்குள்ள பெரிய பள்ளத்தாக்கு ஒண்டு இருக்குது. மகாவலி கங்கை வந்து கொட்டியார்க் குடாவில விழுகிற இடத்தில இருந்தே ஆழம் துவங்குது. மற்ற ஊர்களில ஆழத்துக்குப் போக நெடுந்தூரம் ஓடவேணும், இங்க அவ்வளவு இல்லை. நீலத் திமிங்கிலமும் வரும், எண்ணெய்த் திமிங்கிலமும் கூட்டமா வரும்.

அப்பாவுக்கு வள்ளம் ஏற ஏலாமல் போனாலும் கவலைப்பட வேண்டாம். கோணேசர் கோயில் இருக்கிறது பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால ஏறிப் போற மலை உச்சியில, மூண்டு பக்கமும் கடல். சம்பந்தர் பாடின தலம். கோட்டைக்குள்ள மான் எல்லாம் ரோட்டில நிண்டு மேயும், உங்கட மகளுக்குப் பிடிக்கும். அந்த இராவணன் வெட்டுப் பக்கம் நிண்டு கடலைப் பாத்துக்கொண்டிருந்தால் சில நாள் திமிங்கிலம் மூச்சு விடுகிறது அங்க இருந்தே தெரியும். சின்ன வயசில அம்மம்மாவோட வெள்ளிக்கிழமை பூசைக்குப் போகேக்க நான் அப்பிடித்தான் முதல் முதல் பாத்தனான், வெள்ளைப் புகை மாதிரி ஒண்டு எழும்பி அழிஞ்சு போச்சுது. ஒரு தொலைநோக்கி கொண்டு போங்கோ. எல்லா நாளும் தெரியும் எண்டு நான் சொல்ல மாட்டன்.

உப்புவெளி, நிலாவெளி கடற்கரையில தங்கினால் வள்ளம் அங்கயே வந்து ஏத்தும். அப்பாவுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறும் காட்டுங்கோ, ஏழு கிணறு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு.

---

மருந்துக்கடை ஈரோடு எழுதியது:

தலை சுத்தலுக்கு மட்டும் நான் சொல்லிடறேன், கடைக்கு டூர் சீசன்ல தெனமும் நாலு பேரு இதைக் கேட்டுத்தான் வருவாங்க.

அவோமின் மாத்திரை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா நெறையப் பேரு தப்பாப் போடறாங்க. குமட்ட ஆரம்பிச்சப்பறம் போட்டா அது வாந்தியோட வெளிய வந்துரும், வேலையே செய்யாது. முந்தின நாளு ராத்திரியோ, இல்லைன்னா கெளம்பறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாலயோ போட்டிருக்கோணும். தூக்கம் வரும், வாய் காயும். உங்கப்பாவுக்கு 70 வயசுங்கறீங்க, ப்ராஸ்டேட் தொந்தரவு, கண்ணுல பிரஷர் இதெல்லாம் இருந்தா இந்த வகை மாத்திரை ஒத்துக்காது, ஒண்ணுக்குப் போறது அடைச்சுக்கும். அதனால கடையில வாங்கிக் குடுத்துராதீங்க, அவரு வழக்கமாப் பாக்கற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, ஊருல ஒரு நாளு குடுத்துப் பாத்து எப்படி இருக்காருன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கொண்டு போங்க. கொழந்தைக்கும் டாக்டர் சொல்ற அளவுதான்.

சுகரு இருக்கறதால வெறும் வயித்துல ஏத்திராதீங்க, வெறும் வயித்துல குமட்டலும் எச்சாத்தான் வரும். ரெண்டு இட்லி, இல்லைன்னா ரெண்டு பன்னு, எண்ணெய் வேண்டாம். ஒரு கை கடலையும் பிஸ்கட்டும் சட்டைப் பையில இருக்கட்டும். இஞ்சி மொரப்பா நம்ம பஸ் ஸ்டாண்டுல விக்கறது நல்லது, ஆனா அது முச்சூடும் சர்க்கரை, அவருக்குத் தோல் சீவுன பச்சை இஞ்சித் துண்டு போதும்.

இன்னொண்ணு, மாடி போட்டுல எல்லாரும் மேல ஏறப் பாப்பாங்க. ஏறாதீங்க. மேல போகப் போக ஆட்டம் எச்சு. கீழ நடுவுல இல்லைன்னா பின்னால உக்காந்து தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டையே பாத்துட்டு வரச் சொல்லுங்க, போனைக் குனிஞ்சு பாத்தா அஞ்சு நிமிசத்துல குமட்டும். டீசல் பொகை அடிக்கற பக்கமும் வேண்டாம்.

---

வாய்க்கால்மேட்டு வீடு எழுதியது:

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. காத்தாடிக்காடு அண்ணா, நல்ல வேளைக்கு அட்வான்ஸ் கட்டல, நாளைக்குக் கட்டறதா இருந்தோம். கோணேசர் ஊர் அக்கா எழுதுனதை அப்பாவுக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டுனேன், கோயிலும் சேந்து வருதுன்னதும் மொகமே மாறிருச்சு. திருகோணமலைதான்னு முடிவு பண்ணியாச்சு.

இப்ப என்ன கொழப்பம்னா அங்க பெரிய போட்டு கம்மியாம், சின்ன ஃபைபர் போட்டுதான் எச்சாம். அதுல பாத்ரூம் இருக்காதுங்களே, அப்பாவுக்கு சுகரு. அப்பறம் அந்தத் தண்ணிக்குள்ள எறங்கற கதை. பாப்பா விட மாட்டேங்கறா. கிட்டப் போயிப் பாத்தா என்ன தப்புங்க, அவ்ளோ தூரம் போறோம், தூரத்துல நின்னு பாத்துட்டு வர்றதுக்கா?

---

ஆசனூர் ரோடு எழுதியது:

கிட்டப் போறதைப் பத்தி மட்டும் நான் சொல்றேனுங்க, நெம்ப நாளா மனசுல இருக்கறது.

நான் வாரம் ரெண்டு தடவை திம்பம் ஏறி ஆசனூர் வழியா சாம்ராஜ்நகர் போற ஆளு, லாரித் தொழில். அந்த ரோட்டுல யானை கரும்பு லாரிக்காக நிக்கறதைப் பாத்திருப்பீங்க. யானை கண்ணுல பட்டதும் காரை நிறுத்தி எறங்கி, விசில் அடிச்சு, போனைத் தூக்கிட்டு முன்னால முன்னால போவாங்க. யானை காதை விரிச்சுக் கொழப்பத்துல நிக்கும், குட்டி இருந்தா தாய் நடுங்கும். நாலு பேரு ஒழுங்கா வண்டியை அணைச்சுட்டுத் தள்ளி நின்னா அதுபாட்டுக்குத் தும்பிக்கையில புல்லைத் தட்டித் தட்டித் தின்னுட்டு அரை மணி நேரம் நிக்கும், நல்லாப் பாக்கலாம். கடல்லயும் இதே கதைதானுங்க. போட்டு தொரத்துனா திமிங்கலம் மூச்சு வாங்காமயே பாதியில முங்கிரும். அது மேல வர்றதே மூச்சு வாங்கத்தான், ஒரு தடவை மேல வந்தா நாலஞ்சு தடவை ஊதிட்டு நீலத்திமிங்கலம் ஒரு பத்து நிமிசம், சில சமயம் அதுக்கும் மேல உள்ள போயிரும். அது இரை எடுக்கற நேரத்தை நாம தின்னுட்டு வர்றோம்.

இலங்கையில 2012லயே இதுக்குச் சட்டம் போட்டிருக்காங்க, 100 மீட்டருக்கு உள்ள போட்டைக் கொண்டு போகக்கூடாது. தண்ணியில எறங்கறதெல்லாம் வனஜீவராசித் திணைக்களத்துல (அங்கத்த வனவிலங்குத் துறை) அனுமதி இல்லாமப் பண்ற காரியம் இல்ல. யாராச்சும் பேக்கேஜ் விக்கறப்பவே கிட்டத்துல கொண்டு போவோம், எறங்கலாம்னு சொன்னா அந்த ஆளு சட்டத்தை மதிக்கற ஆளு இல்லைன்னு அங்கயே தெரிஞ்சு போச்சு. அப்படிப்பட்டவன் லைஃப் ஜாக்கெட் விசயத்துல மட்டும் ஒழுங்கா இருப்பான்னு நெனைக்கறீங்களா? உங்க பொண்ணையும் அப்பாவையும் நடுக்கடலுக்கு அவனை நம்பி அனுப்பறீங்க.

100 மீட்டர் தூரமும் இல்லீங்க அக்கா. இங்க வர்ற நீலத்திமிங்கலம் கொஞ்சம் குட்டை வகைன்னு சொல்லுவாங்க, அதுவே 70, 80 அடி வரும், ரெண்டு டவுன் பஸ்ஸை ஒண்ணு பின்னால ஒண்ணு நிறுத்துன நீளம். அது ஊதுனா 30 அடிக்கு நேரா மேல போகும். 100 மீட்டர்ல அது மறைஞ்சா போயிரும்? பாப்பாவுக்கு இதைச் சொல்லுங்க: ஊதறது நேரா மேல போச்சுன்னா நீலம், முன்னால எடது பக்கமாச் சாஞ்சு போச்சுன்னா எண்ணெய்த் திமிங்கலம். மொதல்ல யாரு கண்டுபிடிக்கறாங்கன்னு அவளுக்கு வேலை குடுங்க, தண்ணிக்குள்ள எறங்கறதை மறந்துருவா.

அதுங்களுக்கு நம்ம போட்டு மட்டும் இல்ல தொந்தரவு. தெக்கால தேவேந்திரமுனைக்குக் கீழ போற கப்பல் பாதை ஒலகத்துலயே நெருக்கமான பாதைகள்ல ஒண்ணு, அதுதான் அதுங்க மேயற எடமும். கப்பல் மோதிச் சாகுது. ஆஷா டி வோஸ்னு அந்த ஊரு விஞ்ஞானியம்மா, இந்தத் திமிங்கலம் மத்த நீலத்திமிங்கலமாட்ட குளிர்க் கடலுக்குப் போகாம வருசம் பூரா இந்தச் சூட்டுக் கடல்லயே கெடக்குதுன்னு கண்டு சொன்னவங்க, கப்பல் பாதையைத் தள்ளி வைக்கோணும்னு பல வருசமா சொல்லிட்டு இருந்தாங்க. 2022ல எம்.எஸ்.சி.ங்கற பெரிய கப்பல் கம்பெனி தன்னோட கப்பலை 15 நாட்டிக்கல் மைல் தெக்கால தள்ளி ஓட்டறோம்னு மாத்திக்கிட்டாங்க. அவ்ளோ பெரிய கப்பலே தள்ளிப் போகுது, நாம ஒரு போட்டைத் தள்ளி நிறுத்தறதுக்கு என்னங்க.

போட்டு பேசறப்ப இதைக் கேளுங்க: எத்தனை பேரை ஏத்துவீங்க, எல்லாருக்கும் ஜாக்கெட் இருக்குதா, கொழந்தை அளவுல இருக்குதா, மேல கூரை இருக்குதா, திமிங்கலம் தெரிஞ்சா எஞ்சினை அணைப்பீங்களா. கடைசிக் கேள்விக்கு அவரு மொகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம்.

---

கோணேசர் ஊர் எழுதியது:

ஆசனூர்த் தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. எங்கட ஊர் மீன்பிடிக்கிற ஆக்கள்தான் இந்த வள்ளம் ஓடுறது. பழைய ஆக்கள் கடலைத் தெரிஞ்ச ஆக்கள், தள்ளி நிப்பாட்டு அண்ணை எண்டு தமிழில முதலே சொன்னால் கேப்பினம். வாற ஆக்கள் கிட்டப் போ, கிட்டப் போ எண்டு கத்துறதாலதான் அவையளும் போகினம்.

கழிவறை சின்ன வள்ளத்தில இல்லைத்தான். மூண்டு மணித்தியாலம் தாங்கவேணும். அப்பாவுக்கு ஏலாது எண்டால் தனி வள்ளம் பேசுங்கோ, காசு கூட, ஆனால் போதும் எண்டால் உடன திரும்பலாம், மற்ற ஆக்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முக்கியமா ரெண்டு விடியக்காலை கையில வைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு நாள் காத்து ஏறினால் மற்ற நாள் போகலாம்.

வழி கேட்டால், திருச்சியில இருந்து கொழும்புக்கு விமானம், பிறகு ரோட்டால ஆறேழு மணித்தியாலம். இல்லாட்டில் நாகப்பட்டினத்தில இருந்து யாழ்ப்பாணப் பக்கம் இருக்கிற காங்கேசன்துறைக்குக் கப்பல், 2023 அக்டோபரில துவங்கினது, கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம். ஓடுற நாளைப் பாத்துப் பதியுங்கோ, காலநிலை சரியில்லாட்டில் நிப்பாட்டிப் போடுவினம். அப்பா கடலில எப்பிடி இருப்பார் எண்டு அந்தக் கப்பலிலயே தெரிஞ்சிடும்.

---

வாய்க்கால்மேட்டு வீடு எழுதியது (ஜூன் மாசம்):

போயிட்டு வந்துட்டமுங்க! வந்து மூணு வாரமாச்சு, அப்பறம் நாத்து வேலை, ஒறம்பரை வந்தது, பள்ளிக்கூடம் தொறந்ததுன்னு எழுத நேரமில்ல. எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கேன், அதனால நடந்ததை அப்படியே எழுதறேன்.

நாகப்பட்டினம் கப்பல்லதான் போனோம். அப்பாவுக்கு டாக்டர் அந்த மாத்திரை வேண்டாம், இஞ்சி போதும்னுட்டாரு, கப்பல்ல ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் குமட்டுச்சு. யாழ்ப்பாணத்துல ஒரு நாளு தங்கிட்டு வேன்ல திருகோணமலை, உப்புவெளியில ரூம்.

மொதோ நாளு வெடியால அஞ்சரைக்குக் கரைக்குப் போயி நின்னோம். போட்டுக்காரரு 50 வயசு இருக்கும், கடலையே சித்த நேரம் பாத்துட்டு இண்டைக்கு வேண்டாம் ஐயா, நாளைக்கு வாங்கோன்னுட்டாரு. பக்கத்துல ரெண்டு போட்டு ஆளை ஏத்திட்டுப் போனாங்க, எம்பொண்ணு அழுகை. ஆனா காசு வர்றதை வேண்டாம்னு சொல்ற ஆளை எங்கப்பாவுக்குப் புடிச்சுப் போச்சு, இவரு போட்டுலதான் போகோணும்னு உக்காந்துட்டாரு. அன்னிக்குக் கோணேசர் கோயிலு. இராவணன் வெட்டுல ஒரு மணி நேரம் பைனாகுலரை வெச்சுட்டு நின்னோம், ஒண்ணும் தெரியல, ஆனா அங்கிருந்து கடலைப் பாக்கறதே போதும்னு இருந்துச்சு, அப்பா அங்கயே உக்காந்து தேவாரம் பாடுனாரு.

ரெண்டாவது நாளு கடலு பவானிசாகர் டேம் தண்ணியாட்ட கெடந்துச்சு. தனி போட்டு, நாங்க நாலு பேருதான். ஒரு மணி நேரம் ஓடியிருப்போம், மொதல்ல டால்ஃபின் கூட்டம், எகிறிச் சுத்திச் சுத்தி விழுகுது, பாப்பா கத்துன கத்துல நானே பயந்துட்டேன். அப்பறம் கால் மணி நேரம் ஒண்ணுமில்ல. எஞ்சினை அணைச்சுட்டு உக்காந்திருந்தோம். நேரா மேல போகுதுன்னு மொதல்ல சொன்னது எம்பொண்ணுதான், நீலம்னு அவளே சொல்லிட்டா. ஆசனூர் அண்ணா, உங்களை நெனைச்சுக்கிட்டேன். எங்கப்பா அதைப் பாத்துட்டுச் சொன்னது என்னன்னா, நம்ம மேக்காட்டுல ரிக்கு வண்டி போர் போட்டப்ப மொதத் தண்ணி பீச்சி அடிச்சுதே அதாட்ட இருக்குதுன்னு. எங்களுக்கு அந்தத் தண்ணி வந்தது மூணாவது போர்லதானுங்க, அன்னிக்கு அவரு அழுததை நான் பாத்திருக்கேன், அதனால அந்த வார்த்தை எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு.

முதுகு மட்டும் வந்துட்டே இருந்துச்சு, முடியவே மாட்டேங்குது, இன்னும் வருது இன்னும் வருதுன்னு. நீலங்கூட இல்லீங்க, ஒரு சாம்பல் கலந்த நெறம், வெயிலு பட்டா தண்ணிக்குள்ள பச்சையாட்டத் தெரிஞ்சுது. போட்டுக்காரரு தள்ளியே நிறுத்தியிருந்தாரு. நான் போட்டோ எடுக்கறேன்னு பாதியை விட்டுட்டேன், போட்டோவுலயும் ஒண்ணும் ஒழுங்கா வரல. அப்பா போனைத் தொடவே இல்ல. மாட்டுக்கு மூச்சு எண்ணற மாதிரி வெரலு மடக்கி எண்ணிட்டே இருந்தாரு, அஞ்சு தடவை மூச்சு விட்டுது, ஆறாவதுக்கு வாலைத் தூக்கிருச்சுன்னு இன்னிக்கும் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்றாரு.

ரெண்டாவது தடவை அது மேல வந்தப்ப வேற ஒரு போட்டு வேகமா வந்து குறுக்க பூந்துச்சு, ரெண்டு மூச்சோட உள்ள போயிருச்சு. அரை மணி நேரம் நின்னும் மறுபடி வரல. அப்பாவுக்கு அதுல நெம்ப வருத்தம், தின்னுட்டு இருந்த மாட்டைக் கல்லெடுத்து அடிச்ச மாதிரி பண்ணிட்டாங்களேன்னு கரை வர்ற வரைக்கும் சொல்லிட்டே வந்தாரு. ஒம்போதரைக்குக் கரையில எறங்கிட்டோம்.

---

காத்தாடிக்காடு எழுதியது:

படிச்சுட்டு மனசு நெறஞ்சு போச்சு அம்மணி. எங்கம்மாவைக் கூட்டிட்டு ஆவணியில போகலாம்னு இருக்கேன், அவங்களுக்கு முட்டி வலி. போட்டுல ஏர்றது எறங்கறது எப்படி, படி ஏதாச்சும் இருக்குதுங்களா?

---

வாய்க்கால்மேட்டு வீடு எழுதியது:

படி இல்லீங்ணா. மணல்ல இருந்து முழங்கால் தண்ணியில எறங்கிப் போயித்தான் ஏறோணும், போட்டு ஓரம் இடுப்புக்கு மேல ஒசரம். அப்பாவை ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் புடிச்சு ஏத்துனாங்க, எறங்கறப்பவும் அப்படித்தான். முதல்லயே போன்ல சொல்லிட்டீங்கன்னா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலு கொண்டாந்து தண்ணியில போடறாங்க, எங்களுக்கு முன்னால ஒரு வயசான அம்மா அப்படித்தான் ஏறுனாங்க. சேலை வேண்டாம், நைட்டியோ சுடிதாரோ போட்டுட்டு வரச் சொல்லுங்க, தண்ணியில சேலை கால்ல சுத்திக்குது. துண்டு ஒண்ணு எச்சா எடுத்துக்கங்க, உக்கார்ற பலகை நெம்பக் கெட்டி, அம்மாவுக்கு மடிச்சுப் போட்டுக் குடுக்கலாம்.